நனையாத சுவர்

மழை வந்தால் ஊரில் எல்லாரும் கொடியில் காயும் துணியை எடுக்க ஓடுவார்கள். அந்த வருடம் நான் ஒரு சுவரைப் பார்க்க ஓடிக்கொண்டிருந்தேன்.

வீட்டுச் சுவர் அல்ல. பழைய நகரத்தின் ஒடுக்கமான தெரு ஒன்றில், வேலி போட்ட காலி மனையில், துணைக்கு யாருமில்லாமல் நின்ற ஒற்றை மாதிரிச் சுவர். பின்பக்கம் நேரடியாக நனையாமலிருக்க ஒரு தகரச் சாய்ப்பு, அதைத் தாங்க ஒரு ஓரத்தில் இரும்புக் கம்பம். அவ்வளவுதான். ஆனால் அந்த மனையில் முன்பு குடியிருந்த குடும்பங்கள் திரும்பி வருவதும் வராததும் அந்தச் சுவரின் தலையில்தான் இருந்தது.

அங்கே இருந்த வரிசை வீடுகள் பழுதாகிப் போனதால் இடித்துவிட்டார்கள். புறவழிச் சாலைக்கு அப்பால், பஸ்கூட யோசித்து யோசித்து வரும் இடத்தில், சிமெண்டுப் பெட்டிகளை அடுக்கி எல்லாரையும் அங்கே அனுப்பிவிடலாம் என்பது வீட்டு வாரியத்தின் திட்டம். நான் குறுக்கே விழுந்தேன். இதே மனையில், அக்கம்பக்கத்து வீடுகளுக்கு ஒத்துப்போகிற மாதிரி, தடித்த செங்கல் சுவரும் சுண்ணாம்புப் பூச்சுமாக வீடுகள் வரைந்து கொடுத்தேன். பெயிண்ட் கிடையாது, சிமெண்ட் கிடையாது. சுண்ணாம்பு ஈரத்தை வாங்கும், வெயில் வந்ததும் விட்டுவிடும். வெயில் காலத்தில் உள்ளே குளுமையாக இருக்கும். வருடா வருடம் மேஸ்திரியைக் கூப்பிட்டுச் செலவழிக்க முடியாதவர்களுக்கான வீட்டில் பராமரிப்பு என்ற பேச்சே வரக்கூடாது என்பதில் எனக்கு ஒரு வெறி இருந்தது.

பழைய நகரப் பாதுகாப்புக் குழுவின் தலைவர் கையெழுத்து இல்லாமல் அங்கே ஒரு செங்கல் அசையாது. அவர் என் வரைபடத்தைக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"பேப்பர்ல எல்லாச் சுவரும் நல்லாத்தாம்மா நிக்கும். ஒண்ணு கட்டுங்க. மழைக்காலம் முழுக்க நனையட்டும். பின்பக்கம் ஈரம் வரலேன்னா கையெழுத்துப் போடறேன். வந்துச்சுன்னா ஃபைல் வாரியத்துக்குத் திரும்பிப் போயிடும்." கிளம்பப் போன என்னை நிறுத்தி இன்னொன்றும் கேட்டார். "ஆமா, இந்தத் தெருவுல எல்லா வீட்டுலயும் கூரைக்குக் கீழ கல் முளை நீட்டிட்டு இருக்குமே, அதைக் காணோமே?"

"அதெல்லாம் அழகுக்கு வெச்சது சார். நமக்கு வீண் செலவு" என்றேன். அன்றைக்கு எனக்கு வாய் கொஞ்சம் நீளமாகத்தான் இருந்தது.

சுவர் எழும்பியது. கட்டிய மேஸ்திரி, "இது ஊர் அழிஞ்சாலும் நிக்கும் மேடம்" என்றார். அவர் இதற்கு முன் கட்டிய ஒவ்வொன்றைப் பற்றியும் அதையேதான் சொல்லியிருந்தார். வாரியம் தன் பங்குக்கு வேலியில் ஒரு போர்டு மாட்டியது: பயனாளிகள் கட்டுமானத்தில் தலையிட்டால் ஒதுக்கீடு ரத்து. வீடு கட்ட வக்கில்லாவிட்டாலும் போர்டு மாட்ட அவர்கள் ஒருநாளும் சுணங்கியதில்லை.

மழைக்காலம் பிறந்தது. என் அலுவலகம் ஊரின் மறுகோடியில். மழை விட்டதும் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஓடுவேன். தகரச் சாய்ப்புக்குள் குனிந்து சுவரின் முதுகில் கை வைப்பேன். காய்ந்திருக்கும். ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுத் திரும்புவேன். வீட்டுக்கு வந்ததும் என் கணவர், "உன் பிள்ளைக்குக் காய்ச்சல் இல்லையே?" என்று கேட்பார். எங்கள் நிஜப் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தபோது நான் இப்படித் தொட்டுத் தொட்டுப் பார்க்கவில்லை என்பது அவருடைய நெடுநாள் குறை.

மனைக்கு எதிரே ஒரு வாடகை அறையில் தையல் அக்கா இருந்தார். இடிக்கப்பட்ட வரிசையில் கடைசி வீடு அவருடையது. புது வீடுகளில் தரைத்தளத்தில் ஒன்று அவர் பெயருக்கு ஒதுக்கியிருந்தது. வாடிக்கைக்காரர்கள் அத்தனை பேரும் இந்தச் சந்துகளில்தான். புறவழிச் சாலைக்கு அப்பால் போனால் அவரிடம் ரவிக்கை தைக்க யார் வரப் போகிறார்கள்? புருஷன் போய்ச் சேர்ந்தபின் அந்த மெஷின்தான் அவருக்குச் சோறு போட்டது. இருந்த அறையோ மழை வந்தால் ஒழுகும். தூறல் விழுந்ததுமே மெஷின் மேல் தார்ப்பாயைப் போர்த்திவிட்டு வேலையை நிறுத்திவிடுவார். மழை நாள் அவருக்குப் பட்டினி நாள்.

நான் போகும்போதெல்லாம் ஸ்டூலை எடுத்துப் போட்டு, கேட்காமலே தகவல் சொல்லுவார்.

"இன்னைக்குக் காத்தோட அடிச்சுது இன்ஜினியரம்மா. நேரா சுவத்து மேலதான். நான் பாத்துக்கிட்டே இருந்தேன்."

நான் இன்ஜினியர் இல்லை, வீடு வரைகிறவள் என்று இரண்டு மூன்று தடவை திருத்திப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன்.

மழைக்காலம் முடியும் தறுவாய். மறுநாள் காலை தலைவர் வருவதாக இருந்தது. முந்தின நாள் மத்தியானமே சுவரைப் படம் எடுக்கப் போனேன். மனசு லேசாக இருந்தது, சொல்லப்போனால் கொஞ்சம் தலைக்கனமாகவே இருந்தது. கேமராவைத் தூக்கிப் பிடித்தபோது என் சுவரோடு பக்கத்து வீட்டு மதிலும் சேர்ந்து கண்ணில் பட்டது. மதிலின் அடியில் முழங்கால் உயரத்துக்குச் செம்மண் தெறித்துக் கறையாகியிருந்தது. மழை தரையில் விழுந்து எழும்பினால் எந்தச் சுவருக்கும் அந்தக் கறை வரும். என் சுவர் குளித்துப் பவுடர் போட்ட குழந்தை மாதிரி நின்றது.

முதலில் பெருமையாக இருந்தது. அப்புறம்தான் கேமராவை இறக்கினேன்.

கிட்டே போய்ப் பார்த்தேன். ஒரு பொட்டு மண் இல்லை. மேலிருந்து வழிந்த தாரை இல்லை. இத்தனை மழையில் நனைந்த சுவர் இது இல்லை. நான் இத்தனை நாளும் முதுகைத் தடவித் தடவிப் பார்த்தேனே தவிர, முகத்தை ஒருநாளும் ஒழுங்காகப் பார்க்கவில்லை.

வானம் கறுத்துக்கொண்டு வந்தது. நான் தெருமுனை டீக்கடைக்குள் ஒதுங்கி நின்றேன். வாங்கிய டீயைக் குடிக்கத் தோன்றவில்லை. முதல் துளி விழுந்ததும் தையல் அக்கா தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு வெளியே ஓடிவந்தார். கையில் நீல நிறத்தில் பெரிய தார்ப்பாய் மூட்டை. வேலிச் சந்தில் புகுந்து, ஒரு முனையை இரும்புக் கம்பத்தில் கட்டி, மறுமுனையை ஒரு நீளக் கழியால் தூக்கிச் சுவரின் உச்சியில் எதிலோ மாட்டினார். திரை மாதிரி விழுந்து சுவரை உச்சி முதல் தரை வரை மூடிக்கொண்டது. கண் மூடித் திறப்பதற்குள் வேலை முடிந்துவிட்டது. பல நாள் பழகிய கை.

நான் நனைந்துகொண்டே போய் அவர் முன்னால் நின்றேன்.

"என்னக்கா இது?"

அவர் முகத்தில் ஈயாடவில்லை. பிறகு என் கையைப் பிடித்து அறைக்குள் இழுத்துப் போனார். உள்ளே மெஷின் போர்த்தியிருந்தது. மூலையில் பக்கெட்டில் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது.

"சுவத்துல ஈரம் வந்தா வீடு கிடையாதுன்னு அந்தப் பெரியவர் சொன்னதா தெருவுல பேசிக்கிட்டாங்கம்மா. எனக்கு மனசு கேக்கல. நானே தெச்சேன். அடியில மடிச்சு மணல் போட்டுத் தெச்சிருக்கேன், காத்துக்குத் தூக்காது. நீங்க மழை விட்ட பிறகுதான வருவீங்க. அதுக்குள்ள எடுத்து மடிச்சு வெச்சிடுவேன்."

நல்ல தையல்தான். எனக்குக் கோபம் மண்டைக்கு ஏறியது.

"ஒவ்வொரு மழைக்குமா?"

"ஒண்ணுகூட விடல." அதைச் சொல்லும்போது அவர் குரலில் ஒரு பெருமைகூட இருந்தது. "உங்களுக்கும் நல்லதுதானேம்மா?"

"நாளைக்கு அந்த வீட்டுல இருக்கப் போறது யாருக்கா? நானா? சுவர் தாங்குமா தாங்காதான்னே இப்ப யாருக்கும் தெரியாது. அங்கயும் பக்கெட்டு வெப்பீங்களா?"

அவர் பக்கெட்டைப் பார்த்தார். "சொல்லிடாதீங்கம்மா. போர்டுல என்ன போட்டிருக்குன்னு எனக்கும் படிக்கத் தெரியும்" என்றார்.

அன்று சாயங்காலம் வீட்டில் கணவரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, அதுவே எனக்குப் பயமாக இருந்தது.

"நாளைக்கு அவர் கை வெச்சா காஞ்சுதான் இருக்கும். கையெழுத்துப் போட்டுடுவார். உனக்கு வேண்டியதும் அதுதானே?"

"அடுத்த மழையில அத்தனை வீடும் ஒழுகினா?"

"நீதான் ஒழுகாதுன்னு சொல்றியே."

சொல்கிறேன். பதினைந்து பேர் உட்கார்ந்த கூட்டத்தில் மேசையைத் தட்டிச் சொல்லியிருக்கிறேன். ஆனால் நிஜமாகவே ஒழுகாதா என்று என்னை நானே கேட்டுப் பார்த்தேன். எனக்குத் தெரியவில்லை. நம்பினேன், அவ்வளவுதான். அந்த நம்பிக்கைக்குள் ஒரு ஊரையே குடிவைக்கப் பார்த்தேன்.

காலையில் தலைவர் குடையோடு வந்தார். சாய்ப்புக்குள் குனிந்து கை வைத்தார். இடம் மாற்றி மாற்றி வைத்தார். நிமிர்ந்து, "பரவாயில்லையே" என்று சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். எதிர் வாசலில் தையல் அக்கா கதவைப் பாதி திறந்துகொண்டு நின்றார். பேசாமல் நின்றால் எல்லாம் முடிந்துவிடும்.

"சார், கொஞ்சம் இருங்க. மழை பெஞ்சப்ப எல்லாம் இந்தச் சுவரு மூடியே இருந்திருக்கு. நேத்துதான் கண்டுபிடிச்சேன்."

பேனா அந்தரத்தில் நின்றது. எதிர்க் கதவு சாத்திக்கொண்டது.

"யார் மூடினது?"

"என் பொறுப்புல இருந்த இடம் சார். என் தப்புன்னு எழுதிக்கங்க."

"அப்ப இது மழையே பாக்காத சுவரு." அவர் பேனாவை மூடினார். "அடுத்த மழைக்காலம் வரைக்கும் வாரியம் காத்துக்கிட்டு இருக்காதேம்மா."

"தண்ணி லாரி வரச்சொல்றேன் சார். இப்பவே நனைப்போம். சாயங்காலம் வரைக்கும் நிறுத்தாம அடிப்போம். நீங்களே உட்கார்ந்து பாருங்க."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு டீக்கடையிலிருந்து நாற்காலி கேட்டு வாங்கிச் சாய்ப்புக்குள் போட்டு, சுவரின் முதுகைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார்.

லாரி வந்தது. மேஸ்திரி குழாயைப் பிடித்தார். வெள்ளைச் சுவர் கறுத்துச் சாம்பலானது. தெருவே வந்து நின்று வேடிக்கை பார்த்தது. ஆளாளுக்கு ஒரு ஆரூடம் சொன்னார்கள். நான் முன்பக்கம் போவேன், பின்பக்கம் வருவேன், மறுபடி முன்பக்கம் போவேன். "கொஞ்சம் உட்காருங்கம்மா, எனக்குத் தலை சுத்துது" என்றார் தலைவர். என் உள்ளங்கையில் வேர்த்த வேர்வையைச் சுவரின் ஈரம் என்று நினைத்து ஒரு தடவை பதறியும்விட்டேன்.

மத்தியானம் தாண்டியும் முதுகு காய்ந்தே இருந்தது. எனக்கு மூச்சு சீராக வர ஆரம்பித்தபோது தலைவர் எழுந்து நின்றார்.

"இங்க பாருங்க."

மேலே, வலது ஓரத்தில், உள்ளங்கை அளவுக்கு ஈரம். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதிலிருந்து ஒரு துளி திரண்டு கீழே வழிந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அடக்கவும் முடியவில்லை. இத்தனை பேர் முன்னால் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு நின்றேன்.

மேஸ்திரி முன்பக்கம் ஏணியைச் சாய்த்து ஏறினார். மேலிருந்து ஒரு கத்தல். "மேடம்! சுவரு இல்ல மேடம், ஆணி! எவனோ ஆணி அடிச்சு வெச்சிருக்கான்!"

நானும் ஏறினேன். நீளமான ஆணி ஒன்று, துருப்பிடித்து, செங்கல் இடுக்கில் ஆழமாக இறங்கியிருந்தது. காற்றில் தார்ப்பாய் இழுத்து இழுத்து ஆணியைச் சுற்றிப் பூச்சு உதிர்ந்து ஒரு விரல் போகும் அளவுக்குக் குழியாகிவிட்டிருந்தது. அந்தக் குழியில் தையல்காரர்கள் துணியில் கோடு போடும் சாக்குக் கட்டியைத் தேய்த்து மூடியிருந்த அடையாளம். தண்ணீரில் அது கரைந்து போயிருந்தது. ஆணியின் கழுத்தில் நீல நிறத்தில் ஒரு பிரி; அதை உருவிக் கையில் எடுத்துக்கொண்டேன்.

"யார் அடிச்சது?" என்று சுவரைச் சுற்றி முன்பக்கம் வந்த தலைவர் கீழேயிருந்து கேட்டார்.

யார் என்று சொல்லிவிட்டால் சுவர் தப்பிக்கும், என் வீடுகள் வந்துவிடும். ஆனால் அக்காவின் வீடு போய்விடும். மேஸ்திரி என் கையிலிருந்த நீலப் பிரியைப் பார்த்தார், எதிர்க் கதவைப் பார்த்தார், வாயைத் திறந்தார். அந்த வாய் சும்மா இருந்து நான் பார்த்ததே இல்லை.

"நான்தான் சார்" என்றேன்.

"நீங்களா? உங்க சுவத்துல நீங்களேவா?"

"குடி வர்றவங்க அடிப்பாங்க இல்ல சார்? அடிச்சா என்ன ஆகுதுன்னு பாக்க வேண்டாமா?"

வாய்க்கு வந்ததைச் சொல்லித் தப்பிக்கத்தான் பார்த்தேன். ஆனால் சொல்லி முடித்ததும் ஏணியில் நின்றபடியே அந்தக் குழியைத் திரும்பப் பார்த்தேன். நிஜமாகவே அடிப்பார்கள். கொடி கட்டுவார்கள், வெயிலுக்குத் திரை கட்டுவார்கள், பந்தல் போடுவார்கள். யாரும் தொடாத வரை ஒழுகாத சுவரைத்தான் நான் கட்டியிருக்கிறேன். தொடாமல் யார் குடியிருக்கப் போகிறார்கள்?

"எப்ப அடிச்சீங்க? கீழேருந்து பாத்தாலே துரு தெரியுதே?"

"எப்பவோ அடிச்சேன் சார்."

"அடிச்சு என்ன தெரிஞ்சுது?"

"ஒழுகுதுன்னு தெரிஞ்சுது."

"சரி. அதுக்கு என்ன பண்ணப் போறீங்க? ஆணி அடிக்காதீங்கன்னு போர்டு மாட்டுவீங்களா?"

"அந்த போர்டை மாட்டவும் ஆணிதானே சார் அடிக்கணும்."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். ஏணியின் உச்சியிலிருந்து பார்த்தால் தெரு முழுவதும் தெரிந்தது. வீட்டுக்கு வீடு, கூரைக்குக் கீழே, கல் முளைகள் வரிசையாக நீட்டிக்கொண்டிருந்தன. ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் கயிறு கட்டித் துணி காய்ந்தது. ஒரு முளையில் கூண்டு, ஒன்றில் யாரோ கழற்றி மாட்டிய பை. எல்லா முளையும் நுனி லேசாகக் கீழே சாய்ந்திருந்தது, தண்ணீர் சுவருக்குப் போகாமல் வெளியே சொட்டுவதற்கு. அழகுக்கு வைத்தது என்று அன்றைக்கு நான் சொன்னது ஞாபகம் வந்து காது சூடானது.

"கல் முளை வெச்சுக் கட்டறேன் சார்" என்றேன். "கட்டும்போதே சுவத்தோட சேத்து. எதை வேணும்னாலும் அதுல கட்டிக்கட்டும்."

தலைவர் எதிரே சாத்தியிருந்த கதவை ஒரு தடவை பார்த்தார். ஃபைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். "இன்னொரு சுவரு கட்டுங்க. முளையில கயித்தைக் கட்டி ஆள் விட்டு இழுங்க. இதே மாதிரி தண்ணி அடிங்க. நான் வரேன். அதுவரைக்கும் இது என் மேசையிலதான் இருக்கும்." குடையை எடுத்துக்கொண்டு கிளம்பியவர், "மூடினவங்க நல்லாத்தான் மூடியிருக்காங்க" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போனார்.

இரண்டாவது சுவரை நான் தூங்காமல் கட்டினேன் என்றுதான் சொல்ல வேண்டும். அதன் முளைகளில் கயிறு கட்டி மேஸ்திரியின் ஆட்கள் தொங்கி இழுத்தார்கள், லாரி லாரியாகத் தண்ணீர் அடித்தார்கள். முதுகு காய்ந்தே இருந்தது. கையெழுத்து விழுந்தது. ஆனாலும் வீடுகள் எழும்பி, சாவி கொடுத்து, எல்லாரும் குடி வந்த பிறகும் என் பயம் போகவில்லை. குழாய்த் தண்ணீர் வேறு, நாள் கணக்காகக் காற்றோடு அடிக்கும் மழை வேறு.

குடிவந்த பின் முதல் மழை ஒரு மத்தியானம் பிடித்துக்கொண்டது. இந்தத் தடவை விடும் வரை காத்திருக்கவில்லை. கொட்டும் மழையில் ஸ்கூட்டரில் போய் அக்காவின் புது வீட்டுக் கதவைத் தட்டினேன். சொட்டச் சொட்ட உள்ளே நுழைந்தவளின் கண்ணில் முதலில் பட்டது தையல் மெஷின். அதன் மேல் நீல உறை போர்த்தியிருந்தது.

எனக்கு உயிரே போய்விட்டது.

"எங்கக்கா ஒழுகுது?"

"எங்கயும் ஒழுகலையே."

"அப்ப ஏன் மெஷினை மூடி வெச்சிருக்கீங்க?"

அவர் திரும்பி மெஷினைப் பார்த்தார். தானே இப்போதுதான் கவனித்த மாதிரி பார்த்தார். சுவரை மூடிய அதே தார்ப்பாயை வெட்டித் தைத்த உறை.

"மழைச் சத்தம் கேட்டுச்சு. கை அதுபாட்டுக்கு எடுத்துப் போத்திடுச்சும்மா."

நான் ஒவ்வொரு சுவராகக் கை வைத்துப் பார்த்தேன். மழை நேராக அடித்த சுவரிலும் வைத்தேன். காய்ந்திருந்தது. நம்பாமல் மறுபடி வைத்தேன். பக்கெட் எங்கே என்று தேடினேன். அது குளியலறையில், இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. அக்கா ஒரு துண்டை எடுத்து என் தலையில் போட்டார். "முதல்ல துவட்டுங்க. இந்த வீட்டுல நனைஞ்சிருக்கறது நீங்க மட்டுந்தான்."

வெளியே மழை வலுத்து, ஜன்னலில் அறைந்தது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்து மேலே பார்த்தோம். ஒன்றும் சொட்டவில்லை. அக்கா போய் மெஷினின் உறையை மெதுவாகக் கழற்றி, நான்காக மடித்து, அலமாரியின் அடித்தட்டில் வைத்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, யாருடைய ரவிக்கையையோ எடுத்து ஊசிக்கு அடியில் வைத்துத் தைக்க ஆரம்பித்தார்.